வேனுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: போடலாமா, வேண்டாமா?

புது வேன் டெலிவரி எடுக்கிற அன்று, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்குச் சற்று முன்னால், மேசைக்கு ஒரு தாள் வரும். "சார், கம்பெனி வாரண்டி மூணு வருஷம்தான். இதைப் போட்டுட்டீங்கன்னா அஞ்சு வருஷம் கவலையே இல்ல. ஒரு நாளைக்கு அம்பது ரூபாகூட ஆகல." நல்ல நேரம் தாண்டிவிடுமே என்ற அவசரத்தில் சிலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "எல்லாம் காசு பிடுங்குற வேலை" என்று சிலர் தாளைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் கணக்குப் போடவில்லை. பேனாவும் பழைய டிரிப் ஷீட்டும் கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

இங்கே வேன் என்று சொல்வது, கும்பகோணத்தையோ தஞ்சாவூரையோ மையமாக வைத்து நவக்கிரகக் கோயில், வேளாங்கண்ணி, நாகூர் என்று ஓடும் 12 சீட் டீசல் வேனை. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய ஒயிட் போர்டு வேனுக்கும், படுக்கை, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்த கேரவனுக்கும் இதே கணக்குதான். எண்கள் மட்டும் மாறும்.

முதலில் எந்தத் தாள் எதற்கு என்று தெரிய வேண்டும். கம்பெனி வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்குக் கம்பெனி தரும் பொறுப்பு. அதன் விலை வண்டி விலையிலேயே அடங்கியிருக்கிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியை மட்டும் இன்னும் கொஞ்ச காலத்துக்கு நீட்டிக்க நாம் காசு கொடுத்து வாங்கும் ஒப்பந்தம். மோதல், வெள்ளம், திருட்டு என்றால் இன்சூரன்ஸ். ஆயில், ஃபில்டர், பிரேக் ஷூ என்றால் நம் கைக்காசு, அல்லது வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தம் தனியாக எடுத்திருந்தால் அது. "வாரண்டி இருக்கே, ஏன் தரமாட்டேங்கிறான்" என்று சர்வீஸ் சென்டர் வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தத் தாள்களை ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்வதால் வருபவை.

எக்ஸ்டெண்டட் வாரண்டியைக் கொடுப்பவர் யார் என்பதையும் தாளின் அடியில் பாருங்கள். வண்டி தயாரித்த கம்பெனியே தருவது ஒரு வகை. டீலரோ மூன்றாவது ஆளோ தருவது இன்னொரு வகை. கம்பெனி தருவது என்றால் மதுரையில் நின்றாலும் குமுளியில் நின்றாலும் அந்த பிராண்டின் எந்த சர்வீஸ் சென்டரிலும் செல்லும். டீலர் தருவது அவருடைய கடை இருக்கும் வரைக்கும்தான். ஐயப்ப சீசனில் பம்பை வரை போகும் வண்டிக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

நீங்கள் வாங்குவது எத்தனை மாதம்?

தாளில் "5 ஆண்டு அல்லது 1,50,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை" என்று இருக்கும். ஷோரூமில் வருஷத்தைச் சத்தமாகச் சொல்வார்கள். வாடகை வண்டியில் முந்துவது கிலோமீட்டர்.

ஒரு எடுத்துக்காட்டு. எண்கள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் தாளில் உள்ளதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி வாரண்டி 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. நீட்டித்தால் 5 ஆண்டு அல்லது 1,50,000 கி.மீ. விலை 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400.

மாதம் 5,000 கி.மீ. ஓடும் டிராவல்ஸ் வேனுக்குக் கம்பெனி வாரண்டி 20-வது மாதமே தீர்ந்துவிடும். நீட்டிப்பு 30-வது மாதத்தில் முடியும். ஆக, "இரண்டு ஆண்டு" என்று வாங்கியது நிஜத்தில் பத்து மாதம். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் என்றது 118 ரூபாயாகிறது. கிலோமீட்டருக்குப் பார்த்தால் 71 பைசா.

அதே தாளை, கோயிலுக்கும் கல்யாணத்துக்குமாக மாதம் 700 கி.மீ. மட்டும் ஓடும் குடும்ப வேனுக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு முடியும்போது ஓடியிருப்பது 25,200 கி.மீ. ஐந்தாம் ஆண்டு முடிவில் 42,000. முழுசாக 24 மாதம் கிடைக்கிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டில் ஓடப்போவது 16,800 கி.மீ.தான். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது.

மாதம் பார்த்தால் குடும்ப வேனுக்கு லாபம், கிலோமீட்டர் பார்த்தால் டிராவல்ஸுக்கு லாபம் என்று தோன்றும். எதைப் பார்ப்பது? டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ், ஹப் பேரிங் எல்லாம் ஓட்டத்தில் கெடுபவை. அதற்குக் கிலோமீட்டரைப் பாருங்கள். சென்சார், கண்ட்ரோல் யூனிட், ஏ.சி. குழாய் இணைப்பு எல்லாம் நின்றாலும் கெடுபவை. அதற்கு மாதத்தைப் பாருங்கள். குடும்ப வேனுக்கு வாங்கும் நீட்டிப்பு பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸுக்கான காப்பு. டிராவல்ஸ் வேனுக்கு வாங்குவது இன்ஜினுக்கும் ஏ.சி.க்குமான காப்பு. அந்தந்தப் பாகம் பட்டியலில் இல்லையென்றால் மீதியைப் படிக்கவே வேண்டாம், தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்த மகாமகம் 2028-இல். அந்தக் கூட்டத்தை நம்பி வேன் வாங்குகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்: மாதம் 5,000 ஓடும் வண்டியை இரண்டரை ஆண்டு முன்பே எடுத்திருந்தால், தீர்த்தவாரி அன்று அது எந்த வாரண்டியும் இல்லாமல்தான் நிற்கும்.

ஒரே வண்டி, இரண்டு தயாரிப்பாளர்கள்

சாதாரணக் காருக்கு இல்லாத ஒரு சிக்கல் வேனுக்கும் கேரவனுக்கும் உண்டு. சேசிஸ் என்ற அடிச்சட்டம், இன்ஜின், கியர்பாக்ஸ் கம்பெனியுடையது. புஷ்பேக் சீட், உள் கூரை, எல்.இ.டி., ஆம்ப்ளிஃபயர், டி.வி., சில வண்டிகளில் கூரை ஏ.சி.யும்கூட வெளியில் பாடி கட்டும் இடத்தில் போட்டவை. கரூரிலோ வேறு ஊரிலோ பாடி வேலை செய்த வண்டிக்கு சேசிஸ் கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தால், பயணி உட்காரும் பகுதியில் இருக்கும் எதற்கும் அது பொறுப்பில்லை. கேரவனில் இது இன்னும் விரியும். ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்ப், இன்வெர்ட்டர், இரண்டாவது பேட்டரி ஒவ்வொன்றுக்கும் அதனதன் கம்பெனியின் வாரண்டி அட்டை. அவை எல்லாவற்றையும் சீரியல் நம்பரோடு ஒரே உறையில் போட்டு வைக்க வேண்டியதுதான்.

இதைவிட வம்பு, வெளியில் போட்டது கம்பெனி போட்டதைக் கெடுப்பது. ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் எடுக்க, கம்பெனி வயரைச் சீவி அதில் முறுக்கி டேப் ஒட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் அந்த முறுக்கில் பச்சை பூக்கும். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு கண்ட்ரோல் யூனிட் போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் தேடுவது அந்த டேப்பைத்தான். அது கிடைத்தால் மின்சாரப் பகுதி முழுவதற்கும் க்ளெய்ம் போய்விடும். பாடி கட்டும்போதே பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃப்யூஸ், ரிலே வைத்து இழுக்கச் சொல்லுங்கள். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் கெடுவது எது, யார் தருவார்கள்?

இது ஷோரூமில் யாரும் சொல்லாத பகுதி. தாளில் உள்ள பட்டியல் பொதுவாக எழுதியது. வண்டி கெடுவது ஊருக்கு ஊர் வேறு.

நவக்கிரக டிரிப்பை எடுத்துக்கொள்வோம். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. ஒரே நாளில் ஒன்பது கோயில். ஊருக்குள் ஊர்ந்து போவது, நிறுத்துவது, பயணிகள் சாமி கும்பிடும்போது டிரைவர் ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடுவது. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் இன்ஜினுக்கு இதைப் போல ஆகாத ஓட்டம் வேறில்லை. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர், சுமார் 600 டிகிரி சூட்டில் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு வர, நிற்காமல் சீரான வேகத்தில் 15, 20 நிமிடம் ஓட வேண்டும். நின்று நின்று போகும் வண்டியில் எரிப்பு பாதியிலேயே அறுந்துவிடும். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள்: ஓட ஓட ஆயில் குறைய வேண்டும், இங்கே கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். மோந்து பார்த்தால் டீசல் வாடை. அந்த ஆயிலோடு ஓட்டினால் டர்போ பேரிங்கும் போகும்.

ஃபில்டரின் உள் கல் தானாக விரிசல் விட்டால் வாரண்டி தரலாம். கரி அடைத்துக்கொண்டது என்றால் "ஓட்டிய விதம்" என்று எழுதிவிடுவார்கள். ஆகவே எக்ஸ்டெண்டட் வாரண்டி தாளில் டி.பி.எஃப். என்ற பெயர் இருக்கிறதா என்பதோடு, "அடைப்பு" விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் திருச்சி ரோட்டிலோ பைபாஸிலோ வண்டியின் கையேட்டில் சொன்ன வேகத்தில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டுவது எந்த வாரண்டியையும்விட மலிவு.

அடுத்தது ஏ.சி. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். போகிற வண்டியெல்லாம் கிளப்பும் பதரும் சுணையும் கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையில் போய் அப்பிக்கொள்ளும். காற்று புகாமல் அழுத்தம் ஏறும். கம்ப்ரசர் திணறித் திணறி ஒரு நாள் இறுகி நின்றுவிடும். பட்டியலில் கம்ப்ரசர் இருக்கிறது, சரி. ஆனால் இறுகிய கம்ப்ரசர் உலோகத் துகளைக் குழாய் முழுக்கத் துப்பியிருக்கும். குழாயைக் கழுவ வேண்டும், ட்ரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் மாற்ற வேண்டும், புது ஆயில், புது கேஸ். இவற்றில் பலதை "கன்ஸ்யூமபிள்" என்று தனி பில்லில் போடுவார்கள். கழுவாமல் புது கம்ப்ரசரை மட்டும் மாட்டினால் அதுவும் சில மாதத்தில் போகும், அப்போது "முந்தைய வேலை சரியில்லை" என்று க்ளெய்ம் திரும்பிவரும். கண்டன்சரை மாதம் ஒருமுறை குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவி, அதை சர்வீஸ் பில்லிலும் எழுத வைத்தால் "பராமரிப்புக் குறை" என்ற காரணத்தை அவர்களால் சொல்ல முடியாது.

எலி. அறுவடை முடிந்து வயலில் தீனி இல்லாமல் போனால் அது ஷெட்டுக்கு வரும். இன்ஜின் சூடும் வயர் உறையும் அதற்கு மிகவும் பிடித்தவை. எலி கடித்த வயருக்கு எந்த வாரண்டியும் தராது. இன்சூரன்ஸில் இது அடங்குமா என்று பாலிசி புதுப்பிக்கும்போது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளமும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைந்து ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிட்டால், திரும்ப ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது வாரண்டி அல்ல, இன்சூரன்ஸ். அதிலும் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு இல்லையென்றால் இழுபறிதான். கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் முடியும் என்றால், தாழ்வான பகுதியில் ஓடும் வேனுக்கு இந்த இன்ஜின் காப்பை முதலிலும் எக்ஸ்டெண்டட் வாரண்டியை இரண்டாவதாகவும் வைப்பதே சரி. தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலைச் சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். விட்டுவிட்டால் மூன்று மாதம் கழித்து பேரிங் கத்தும், "தண்ணீர் புகுந்தது" என்ற ஒரே வரியில் க்ளெய்ம் முடிந்துவிடும்.

வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் உப்புக்காற்றில் பிடிக்கும் துருவைச் சொல்லவே வேண்டாம், எல்லாத் தாளிலும் விலக்குதான். கிளட்ச் பிளேட், பிரேக், பெல்ட், ஹோஸ், பல்பு, வைப்பர் இவையும் விலக்கு. டயருக்கும் பேட்டரிக்கும் அதனதன் கம்பெனிதான்.

சிறிய எழுத்தில் பார்க்க வேண்டியவை

முதலாவது, பாகத்தின் விலையில் எவ்வளவு தருவார்கள் என்பது. சில ஒப்பந்தங்களில் கிலோமீட்டர் ஏற ஏறப் பங்கு குறையும். அந்த அட்டவணையை விற்பனையாளர் காட்டமாட்டார், கேட்டு வாங்க வேண்டும். மொத்த க்ளெய்முக்கு உச்சவரம்பு இருக்கிறதா, லேபர் சேர்ந்ததா, கழற்றிப் பார்க்கும் கூலி யார் தலையில் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, சர்வீஸ் இடைவெளி. 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால் அதிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் தள்ளலாம் என்று எழுதியிருக்கும். சீசனில் தொடர்ந்து டிரிப் கிடைக்கும்போது "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று 2,000 கி.மீ. தள்ளிப்போவது இந்தத் தொழிலில் சகஜம். அந்த ஒரு தாமதம் மொத்த ஒப்பந்தத்தையும் செல்லாததாக்கிவிடலாம். தெரிந்த மெக்கானிக்கிடம்தான் ஆயில் மாற்றுவேன் என்பவர் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்குவது காசைக் காவிரியில் போடுவது.

மூன்றாவது, போர்டு. ஒயிட் போர்டு வண்டிக்குத் தனி உபயோகத் திட்டத்தில் வாரண்டி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டினால் வாரண்டியும் இன்சூரன்ஸும் சேர்ந்தே போகும். யெல்லோ போர்டுக்கு வாடகை வண்டித் திட்டம் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

டீசலுக்கும், புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் டி.இ.எஃப். திரவத்துக்கும் பில் வையுங்கள். இன்ஜெக்டர் க்ளெய்ம் என்றாலே "கலப்பட டீசல்" என்ற சந்தேகம் முதலில் வரும். ஒரே பெட்ரோல் பங்க்கில் போட்ட பில்கள் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். டி.இ.எஃப். தீர்ந்த அவசரத்தில் தண்ணீர் ஊற்றினால் அந்தத் திரவத்தை வைத்துப் புகையைச் சுத்தம் செய்யும் எஸ்.சி.ஆர். பகுதிக்கு வாரண்டி முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

வண்டி நின்ற நாட்களின் வாடகை நஷ்டத்தை எவரும் தருவதில்லை. ஸ்பேர் வர பத்து நாள் ஆனால் பத்து நாளும் உங்கள் கணக்குதான். வேதாரண்யத்தில் நின்றால் தஞ்சாவூர் வரை இழுத்துவரும் செலவு சேர்ந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சரி, யாருக்குப் பொருந்தும்?

ஒரே ஒரு வேன், அதற்கு இன்னும் மாதத் தவணை ஓடுகிறது, திடீரென்று ஒரு லட்ச ரூபாய் ரிப்பேர் வந்தால் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை. இவருக்கு, கம்பெனியே தரும் ஒப்பந்தமாகவும், டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், கம்ப்ரசர், கண்ட்ரோல் யூனிட், எமிஷன் சென்சார்கள் பட்டியலில் இருப்பதாகவும் இருந்தால், கிலோமீட்டருக்கு 71 பைசா கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் என்று போனால் யோசிக்க வேண்டும்.

நான்கைந்து வேன் வைத்திருக்கும் டிராவல்ஸ்காரருக்கு இது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. எல்லா வண்டியும் ஒரே மாதத்தில் கெடப்போவதில்லை. கிலோமீட்டருக்கு அதே 71 பைசாவைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவந்தால் மாதம் 5,000 ஓடும் ஒரு வண்டிக்கு 3,550 ரூபாய் சேரும். ஐந்து வண்டிக்கு ஆண்டில் 2,13,000. கெடாத வண்டியின் பணம் கெட்ட வண்டிக்கு உதவும், எலி கடித்ததற்கும் உதவும். ஆனால் அந்தக் கணக்கில் கை வைக்காதவருக்குத்தான் இது சரிப்படும்.

இரண்டு ஆண்டில் வண்டியை விற்றுவிடும் பழக்கம் உள்ளவர், ஒப்பந்தத்தை வாங்குபவர் பெயருக்கு மாற்றலாமா என்று பார்க்க வேண்டும். மாற்ற முடிந்தால் விற்கும்போது கொஞ்சம் விலை கூடும். முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

முடிவை டெலிவரி அன்றே எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கம்பெனிகள் முதல் வாரண்டி உயிரோடு இருக்கும்வரை விற்கும். நாள் ஆக ஆக விலை ஏறும், அவ்வளவுதான். எந்தத் தேதியில், எந்தக் கிலோமீட்டரில் விலை ஏறுகிறது என்ற அட்டவணையை வாங்கி வந்து, இரண்டு மாதம் வண்டியை ஓட்டிப் பார்த்து மாத ஓட்டத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அந்தத் தொகையை வண்டிக் கடனோடு சேர்க்காதீர்கள். 35,400 ரூபாயை 10 சதவீத வட்டியில் 60 மாதத் தவணையாக்கினால் மொத்தம் சுமார் 45,100 ஆகிவிடும். மேலே சொன்ன டிராவல்ஸ் வேனில் வாரண்டி 30-வது மாதம் தீரும், அதற்கான தவணை 60-வது மாதம் வரை ஓடும்.

க்ளெய்ம் போடும்போது

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கிலோமீட்டரும் விளக்கும் சேர்ந்து தெரிய டேஷ்போர்டைப் படம் எடுங்கள். வழியில் யாரையும் கழற்ற விடாதீர்கள். உதவிக்கு வரும் பழகிய மெக்கானிக் ஒரு போல்ட்டைத் திறந்தாலே "வெளியாள் கை வைத்தது" ஆகிவிடும். சர்வீஸ் சென்டரில் வண்டியின் குறையை எழுதும் ஜாப் கார்டில் "செக் அப்" என்று எழுத விடாமல், "ஏ.சி. போட்டால் கரகர சத்தம், பத்து நிமிடத்தில் குளிர்ச்சி நிற்கிறது" என்று நடந்ததை நடந்தபடி எழுத வையுங்கள். கழற்றிப் பார்க்க ஒப்புக்கொள்ளும் முன், க்ளெய்ம் இல்லை என்றானால் அந்தக் கூலி எவ்வளவு என்று அதே கார்டில் எழுதி வாங்குங்கள்.

மறுத்தால், எந்த விதியின்கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது எங்கும் செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகள் அங்கேதான். "வாடகை வண்டி என்றால் நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலாக, தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்வதில்லை. தானே ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை வேன்காரருக்கு இது பிடிமானம். ஐந்து வேனும் ஐந்து டிரைவரும் வைத்திருப்பவருக்கு அவ்வளவு எளிதல்ல. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை, மாற்றிய பழைய பாகம் உங்கள் காசில் மாற்றியதென்றால் அதைக் கேட்டு வாங்கி, ஜாப் கார்டு எண்ணைச் சீட்டில் எழுதிக் கட்டி, பரணில் போட்டு வையுங்கள்.